குளிர்காலத்தில் ஸ்லீப்பரில் வடக்கே: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்ததும் நம் பக்கத்திலிருந்து வடக்கே கிளம்புகிறவர்கள் கூட்டம் கூடிவிடும். காசிக்குப் போகும் பெரியவர்கள், டெல்லியில் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள், பட்டாளத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் அப்பா அம்மா என்று பலரும் இருப்பார்கள். கையில் இருக்கும் காசுக்கு ஸ்லீப்பர் டிக்கெட்தான் கட்டுப்படியாகும். டிக்கெட் போட்ட கையோடு சந்தேகங்களும் வந்துவிடும். தெருவில் என்னிடம் வந்து கேட்பவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதியிருக்கிறேன். ஸ்லீப்பரில் குளிர்காலப் பயணம் முடியாத காரியம் இல்லை. ஆனால் தடிமனான கம்பளியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. காற்று எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஜனவரியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறோம். ரயிலுக்குள் அப்படி என்ன குளிர் இருந்துவிடப் போகிறது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஜனவரி இரவு என்றால் சுமார் 20, 21 டிகிரி. கடல் பக்கத்தில் இருப்பதால் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். நாக்பூரில் அதே இரவு 12, 13 டிகிரிக்கு வந்துவிடும். போபால் இன்னும் கொஞ்சம் குறைவு. டெல்லியில் சராசரியே 7 டிகிரி பக்கம்தான், சில இரவுகளில் 3, 4 வரை இறங்கும்.

இந்தக் கணக்கு நின்ற இடத்துக் குளிருக்கு. நீங்கள் இருப்பது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தகரப் பெட்டிக்குள். ஸ்லீப்பரில் ஹீட்டர் கிடையாது. ஏசி பெட்டி மாதிரி மூடிய கண்ணாடியும் கிடையாது. ஜன்னல் ஷட்டருக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், அந்தக் காற்று ராத்திரி முழுக்க ஒரே இடத்தில், பெரும்பாலும் உங்கள் கழுத்தில், அடித்துக்கொண்டே இருக்கும். 10 டிகிரியை நம்மால் தாங்க முடியும். 10 டிகிரியில் விடாமல் அடிக்கும் காற்றைத்தான் தாங்க முடியாது.

வழியில் எந்த இடத்திலிருந்து குளிர ஆரம்பிக்கும்?

வாரம் ஒரு முறை ஓடும் புதுச்சேரி–புதுடெல்லி வண்டியையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், செங்கல்பட்டு, சென்னை எழும்பூர் வழியாக ஆந்திராவுக்குள் போகிறது. சென்னை தாண்டும்வரை வியர்க்கத்தான் செய்யும். விஜயவாடா, வாரங்கல் பக்கம் வரும் முதல் இரவுக்கு ஒரு சால்வையே போதும். பல்லார்ஷா நெருங்கும்போது, அதாவது மகாராஷ்டிரத்துக்குள் நுழையும்போது, பெட்டிக்குள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலைச் சாத்துவதைப் பார்க்கலாம். மறுநாள் பகலில் நாக்பூர், போபால் பக்கம் வெயில் நன்றாக இருக்கும். அந்த வெயிலை நம்பி கம்பளியை மூட்டைக்குள் திணித்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்து ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று போகும்போதுதான் நிஜமான குளிர் வரும்.

அதனால் உடைகளை அடுக்கும்போதே இரண்டாம் இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில், பெர்த்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். லோயர் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் சுவெட்டரை வைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் கொண்டிருக்க வேண்டாம்.

ஜன்னலை எப்படிச் சரியாகச் சாத்துவது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரித் தூக்கம் இதில்தான் இருக்கிறது. ஸ்லீப்பர் ஜன்னலில் இரண்டு ஷட்டர் இருக்கும். ஒன்று கண்ணாடி, இன்னொன்று தகரம். இரண்டும் மேலிருந்து கீழே இறங்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு விட்டுவிடுவார்கள். இரண்டையும் இறக்க வேண்டும்.

இறக்கும்போது இரண்டு ஓரத்திலும் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் சேர்த்து அழுத்திக்கொண்டு, அடிச்சட்டம் கீழே முட்டும்வரை கொண்டுபோங்கள். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கோணல் வழியாகத்தான் காற்று வரும். அப்படி நின்றால் மறுபடி மேலே தூக்கி, நடுவில் உள்ளங்கையால் தட்டி நேராக்கி இறக்குங்கள். கொக்கி அதன் பள்ளத்தில் விழும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் வண்டி ஆட ஆட ஷட்டர் மெல்ல மேலே ஏறிவிடும்.

அப்புறம், கையை ஈரமாக்கிக்கொண்டு சட்டத்தின் அடியில் ஓரம் ஓரமாகக் கொண்டுபோங்கள். காற்று வரும் இடம் சில்லென்று தெரியும். அங்கே செய்தித்தாளை நாலாக மடித்துச் செருகலாம். அதைவிடப் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த நீளத் துண்டு நல்லது. தாள் வண்டி அதிர்வில் நழுவும், துணி நழுவாது. கிளம்பும்போதே நாலு துண்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள், எதிர் சீட்டுக்காரருக்கும் உதவும். கொக்கியே உடைந்திருந்தால் பகலிலேயே 139-க்குப் போன் செய்தோ ரயில்மதத் செயலியிலோ பெட்டி எண், பெர்த் எண்ணோடு புகார் கொடுத்துவிடுங்கள். பெரிய ஸ்டேஷனில் ஆள் வந்து பார்ப்பார்கள். ராத்திரி சொன்னால் விடிந்த பிறகுதான் வருவார்கள்.

எந்த பெர்த் குளிருக்கு நல்லது?

வயதும் உடம்பும் ஒத்துழைத்தால் அப்பர் பெர்த். ஜன்னலுக்கும் அதற்கும் தூரம் அதிகம், ஆட்களின் மூச்சுச்சூடு மேலேதான் தங்கும். ஒரே சங்கடம் ஃபேன். குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் காற்று வேண்டும் என்று போட்டுவிடுவார். படுக்கும் முன்பே பேசி நிறுத்திவிடுங்கள்.

லோயரில் தலைமாட்டை ஜன்னல் பக்கம் வைத்துப் படுக்காதீர்கள். தலை நடைபாதைப் பக்கமும் கால் ஜன்னல் பக்கமும் இருக்கட்டும். காலுக்கு சாக்ஸ் போட்டுப் போர்வை நுனியை அடியில் மடித்துவிட்டால் காற்று உள்ளே போகாது. பெண்கள் சங்கிலியைப் புடவைக்குள்ளேயோ துண்டுக்குள்ளேயோ மறைத்துக்கொண்டு படுப்பது நல்லது, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

சைடு லோயர் குளிர்காலத்துக்கு ஆகவே ஆகாது. உடம்பின் முழு நீளமும் ஜன்னலை ஒட்டியே கிடக்கும். நடுவில் இரண்டு சீட்டும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் வேறு.

பெட்டியின் இரண்டு ஓரத்து எண்களும் வேண்டாம். பழைய வகைப் பெட்டியில் 72 பெர்த், புதிய எல்எச்பி பெட்டியில் 80. ஆக 1 முதல் 8 வரையும், கடைசி எட்டும் கதவுக்கும் கழிவறைக்கும் பக்கத்தில் வரும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடும்போது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினது போல் குளிர் உள்ளே வரும். 30 முதல் 45 வரை கிடைத்தால் நல்லது. ஆன்லைனில் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது, லோயர், அப்பர் என்று விருப்பம்தான் சொல்ல முடியும். ஓரத்தில் விழுந்துவிட்டால் ஏறியதும் டிடிஆரிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் என்றால் மாற்றித் தர இளைஞர்கள் முன்வருவார்கள்.

நாங்கள் கடலூர். எங்கே போய் ஏறுவது?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது. பஸ்ஸில் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ரயில் பாதை இரண்டு ஊரிலிருந்தும் விழுப்புரத்தில் போய்த்தான் சேர்கிறது. புதுச்சேரி–விழுப்புரம் பாதை 1879-லேயே வந்துவிட்டது, சுமார் 38 கிலோமீட்டர்.

டெல்லி வண்டிக்கு இரண்டு வழி. மூட்டை முடிச்சு அதிகம் என்றால் பஸ்ஸிலோ காரிலோ புதுச்சேரி போய்விடுங்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது, நிதானமாக ஏறி இடம் பார்த்து சாமானை அடுக்கலாம். விழுப்புரத்தில் ஏறினால் நின்று கிளம்பும் நேரத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கைப்பை மட்டும் உள்ளவர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூரிலோ முதுநகரிலோ ரயிலேறி விழுப்புரத்தில் மாறுவது சுலபம்.

டிக்கெட்டில் புதுச்சேரி என்று போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் விழுப்புரத்தில் ஏற வேண்டாம். ஏறும் இடத்தை முந்தின நாளே ஆன்லைனில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று எழுதி பெர்த்தை ஆர்ஏசி-யில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

காசிக்கு என்றால் பலர் சென்னை சென்ட்ரலில் இருந்து வாரம் இரண்டு நாள் போகும் கங்கா காவேரியில் போகிறார்கள். நம் பக்கத்து வண்டிகள் எழும்பூருக்கு வரும், அது சென்ட்ரலில் கிளம்பும். நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

எத்தனை நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்க வேண்டும்?

60 நாள். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 ஆகிவிட்டது. வாரம் ஒரு வண்டி என்பதால் திறந்த அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். தட்கல் என்றால் ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணி. அதற்கு ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஏறிவிடலாமா? ஆர்ஏசி என்றால்?

வெயிட்டிங் லிஸ்ட்டோடு ஸ்லீப்பரில் ஏறக் கூடாது. டிடிஆர் இறக்கிவிடலாம் அல்லது அபராதம் போடலாம். ஆர்ஏசி என்றால் ஏறலாம். ஆனால் சைடு லோயரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து போக வேண்டும். ஜன்னலை ஒட்டி, கால் நீட்ட இடமில்லாமல், குளிரில் இரண்டு இரவு என்பது இளைஞர்களுக்கே கஷ்டம். பெரியவர்களை ஆர்ஏசி-யில் அனுப்பாதீர்கள். தேதியை மாற்றுங்கள்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஸ்லீப்பரில் போர்வை, தலையணை தருவார்கள் என்று எதிர்பார்க்காமல் கிளம்புங்கள். அது ஏசி பெட்டிக்கு.

ஒரு பெரிய கம்பளியைவிட மெல்லிய துணிகள் நாலைந்து அடுக்குவது நல்லது. அடுக்குகளுக்கு நடுவில் தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. பனியன், முழுக்கைச் சட்டை, சுவெட்டர், மேலே காற்றுப் புகாத ஒரு ஜெர்கின், இந்த வரிசை சரியாக இருக்கும். புடவை கட்டுகிறவர்கள் உள்ளே லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளலாம். அம்மாக்கள் முதலில் வேண்டாம் என்பார்கள், போபால் தாண்டினால் அவர்களே கேட்பார்கள்.

பலரும் மறப்பது கீழே விரிப்பதை. பெர்த்தின் ரெக்சின் ராத்திரியில் ஐஸ் மாதிரி ஆகிவிடும். மேலே எத்தனை போர்த்தினாலும் கீழிருந்து சூடு போய்க்கொண்டே இருக்கும். நம் வீட்டு ஜமுக்காளம் இருந்தால் அதையே இரண்டாக மடித்துப் போடுங்கள், அதற்கு மேலே ஒரு பருத்தி விரிப்பு. மேலே போர்த்த ஒரு கம்பளி போதும்.

காது மூடும் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு மப்ளர். ஈரத் துண்டைப் பையில் மற்ற துணியோடு போடாதீர்கள். சுவெட்டர் இல்லாதவர்கள் இதற்காகப் புதிதாக ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள், அல்லது வடக்கே போய்வந்த வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு அது இங்கே பீரோவில்தான் கிடக்கும்.

சாமான் ஒருவருக்கு 40 கிலோ வரை ஸ்லீப்பரில் இலவசம்.

சாப்பாடு எதைக் கட்டுவது? குளிர்தானே, கெடாதே?

இங்கேதான் நிறையப் பேர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். குளிர் இரண்டாம் நாள்தான் வரும். முதல் நாள் முழுக்க நம்மூர் வெயில், ஆந்திர வெயில். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டிய பொருள். தயிர் சாதத்துக்குப் பால் அதிகம் விட்டு, உறைக்கு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் ராத்திரிவரை புளிக்காது.

முதல் நாள் மத்தியானத்துக்கு எலுமிச்சை சாதம், ராத்திரிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. இட்லியை ஆறவிட்டுத் தடவுங்கள். சுடச்சுட அடுக்கினால் வேர்த்து நூல் விடும். மறுநாளுக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும், சாதத்தை உதிரியாக ஆறவிட்டுக் கிளற வேண்டும். வாழை இலையை அனலில் வாட்டி அதில் கட்டினால் இரண்டாம் நாள் மத்தியானம் பிரிக்கும்போதும் மணக்கும். இதற்கு மேல் கட்டிய சாதத்தை நம்ப வேண்டாம். முறுக்கு, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம் இருக்கட்டும்.

இரண்டாம் இரவுக்குச் சூடாகச் சாப்பிடுவதுதான் நல்லது, உடம்பு கேட்கும். ஐஆர்சிடிசி-யின் உணவு ஆர்டரில் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் வரப்போகும் ஸ்டேஷனில் பெர்த்துக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வண்டி லேட்டாக ஓடினால் சாப்பாடும் லேட்டாகும், அதனால் இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே வருகிற மாதிரி ஆர்டர் செய்யுங்கள்.

நல்ல ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டிக்குள் வருகிற டீக்காரரிடமோ பெரிய ஸ்டேஷன் கடையிலோ காசு கொடுத்தால் வெந்நீர் கிடைக்கும். சுக்கு மல்லிப் பொடியைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் வெந்நீர் கிடைக்கும் இடத்தில் எல்லாம் சுக்குக் காபி.

சார்ஜர் பாயிண்டில் சின்ன மின்சாரக் கெட்டில் போட்டுக்கொள்ளலாமா? ஸ்டவ்?

இரண்டும் கூடாது. அந்த பாயிண்ட் மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் மட்டுமே. கெட்டில் இழுக்கும் மின்சாரத்தை அந்த ஒயர் தாங்காது. இரவு 11 முதல் காலை 5 வரை அந்தச் சப்ளையையே நிறுத்திவிடுவார்கள், அதனால் போனைப் படுக்கும் முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஸ்டவ், கேஸ், கற்பூரம் ஏற்றுவது பற்றி நினைக்கவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோ பக்கத்திலிருந்து கோயில் கோயிலாகக் கும்பிட வந்தவர்கள். தீப்பிடிக்கும் பொருளை ரயிலில் கொண்டுபோனால் மூன்று வருஷம்வரை சிறை என்று சட்டமே இருக்கிறது. பக்கத்தில் யாராவது அடுப்புப் பற்றவைத்தால் மரியாதை பார்க்காமல் டிடிஆரைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. ஸ்லீப்பரில் கூட்டிப் போகலாமா, ஏசி எடுப்பதா?

முடிந்தால் தேர்ட் ஏசி எடுங்கள். காசு இடித்தால் போகும்போது ஏசி, வரும்போது ஸ்லீப்பர் என்றாவது பாருங்கள். திரும்பும்போது ஒவ்வொரு மணி நேரமும் குளிர் குறைந்துகொண்டே வரும். மூச்சிரைப்பு, இதய நோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை இருந்தால் டிசம்பர் கடைசி முதல் ஜனவரி கடைசிவரை ஸ்லீப்பர் வேண்டாம் என்பதுதான் என் முடிவான கருத்து. காசி எங்கும் போய்விடாது, மாசி கடைசியில் போகலாம்.

திடமாக இருக்கிறார்கள் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஆண்களில் 60, பெண்களில் 45 வயது தாண்டியவர்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, அந்த வயதுள்ள இரண்டு பேராகவோ பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். அம்மா, அப்பாவுக்கு ஒரு டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் என்று போடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

மாத்திரை, இன்ஹேலர் எல்லாம் தலைமாட்டுப் பையில் இருக்க வேண்டும். கழிவறைக்கு எழுந்து போகக் குளிர்கிறது என்று பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஃபிளாஸ்க்கில் இருந்து மணிக்கு ஒரு தரம் அரை டம்ளர் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். காலையில் பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியாத குளிர்ச்சியாக இருக்கும்.

குழந்தைக்கு?

5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடையாது. 5 முதல் 11 வரை பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். குளிர்காலத்தில் பெர்த் எடுத்துவிடுங்கள் என்பேன். குழந்தையை ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவில் படுக்கவைக்காமல் உள்பக்கம் போடுங்கள். முகத்தை மூடிப் போர்த்தாதீர்கள்.

பெண் தனியாகப் போனால்?

ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, பதிவு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். அவசரம் என்றால் 139 எண்ணே போதும், பாதுகாப்புப் புகாருக்கும் அதுதான். குளிர்காலத்தில் எல்லோரும் தலைவரை போர்த்திக்கொண்டு தூங்குவதால் பெட்டி சீக்கிரம் அடங்கிவிடும். கதவுப் பக்கத்து பெர்த் விழுந்திருந்தால் இருட்டும் முன்பே மாற்றிக் கேளுங்கள்.

பனிமூட்டத்தால் வண்டி எவ்வளவு லேட்டாகும்?

இரண்டு மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். மழை ஈரம் குடித்த மண், மேகம் இல்லாத இரவு, அசையாத காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் கங்கைச் சமவெளியில் நிலத்தை ஒட்டி மூடுபனி கட்டிவிடும். குளிர்ந்த காற்று கீழேயும் சற்றுச் சூடான காற்று மேலேயும் மூடி போட்டு நிற்பதால் அது கலைய வழியில்லை. நடுராத்திரிக்கு மேல் அடர்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் விலகும். டெல்லி பக்கம் என்றால் குவாலியர், ஆக்ரா, மதுராவில் தொடங்கும். காசிப் பக்கம் என்றால் பிரயாக்ராஜிலிருந்தே பிடித்துக்கொள்ளும்.

டிரைவருக்கு சிக்னல் கண்ணில் படாவிட்டால் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இப்போது இன்ஜினில் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறார்கள், அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனாலும் கண்ணால் பார்த்தே கடக்க வேண்டும். நடுக்காட்டில் வண்டி ஒரு மணி நேரம் நின்றால் கோபப்படாதீர்கள், அவர் நம் உயிருக்காகத்தான் நிற்கிறார். கதவைத் திறந்து கீழே இறங்கி எட்டிப் பார்க்கவும் வேண்டாம், பக்கத்துத் தண்டவாளத்தில் வருகிற வண்டி பனியில் தெரியாது.

ராத்திரி தண்டவாளத்தில் 'டமார்' என்று வெடிச்சத்தம் கேட்டாலும் பயம் வேண்டாம். சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவருக்குத் தெரிவிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு அது. சக்கரம் ஏறியதும் வெடிக்கும்.

மறுநாள் காலை தேர்வு இருக்கிறது. சரியாக இருக்குமா?

இருக்காது. ஒரு முழு நாள் இடைவெளி விட்டுப் போய்ச் சேருங்கள். அறை வாடகை ஒரு நாள் கூடுதலாகும், ஆனால் ஒரு வருஷப் படிப்பை ஒரு பனிக்காலையிடம் ஒப்படைக்க முடியாது.

டெல்லியில் இறங்கி வேறு ரயில் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் இணைக்கலாம். முதல் வண்டி லேட்டாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தத் தொகை பிடித்தம் இல்லாமல் திரும்ப வரும். பெயர், வயது எல்லாம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விமானம் பிடிப்பதற்கு இப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் லேட் என்றால், பயணமே வேண்டாம் என்று முடிவு செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வண்டி நிஜமாகக் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் எனப்படும் அந்தக் கோரிக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும். (டிக்கெட் பரிசோதகரையும் நாம் டிடிஆர் என்றே கூப்பிடுகிறோம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நம் பக்கத்தில் மழை, புயல் என்றால்?

டிசம்பரில் இதுதான் நம் கவலை. வடக்கே பனி, இங்கே மழை, இரண்டுக்கும் நடுவில் நம் வண்டி. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்ததைக் கடலூரில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2-ல், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி விழுப்புரம்–சென்னை ரயில்கள் நின்றுபோயின. புயல் போன பிறகும் இரண்டு மூன்று நாள் வண்டி நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வண்டி ரத்தானால் ஆன்லைன் டிக்கெட் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும், நீங்களாக ரத்து செய்து பிடித்தம் கொடுக்காதீர்கள்.

டெல்லியில் விடியும் முன்பே இறங்கிவிட்டால்?

வெளியே போகாதீர்கள். வெயிட்டிங் ரூமில் டிக்கெட்டைக் காட்டி உட்கார்ந்து, டீ குடித்து, வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். குளிரோடு புகையும் சேர்ந்த காற்று அது. என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்குங்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கட்டாயம்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

நீங்கள் ஏற வேண்டிய வண்டி இங்கிருந்து போய்ச் சேர்ந்த அதே பெட்டிகள்தான் பெரும்பாலும். போகும்போது லேட் என்றால் திரும்பக் கிளம்புவதும் தள்ளிப்போகலாம். ஸ்டேஷனுக்குப் போகும் முன்பு வண்டி நிலவரத்தைப் பாருங்கள், பிளாட்பாரக் குளிரில் ஆறு மணி நேரம் நிற்பது ரயிலில் போவதைவிடக் கொடுமை.

நேரம் தவறி ராத்திரியில் விழுப்புரம் வந்தால், கடலூர்க்காரர்கள் அங்கேயே இறங்கிப் பஸ் பிடிப்பது சீக்கிரம். நெல்லூர் தாண்டியதும் கம்பளியை உதறி மடித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் அப்படியே பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.